குறுக்குவாக்கு

“செத்தவன் மேலதான்யா தப்பு. லேப் ரிப்போர்ட்டே இருக்காம்.”

துவாக்குடி டீக்கடையில் யாரோ யாரிடமோ சொன்னார்கள். உடனே பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது. தனக்கோடி பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

அந்த ரிப்போர்ட்டை எழுதியவர் அவர்தான்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டதால், மூன்று வருடத்துக்கு முன், இரும்பை மெஷினில் இழுத்து எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கும் லேபில் சேர்ந்தார். கற்றுக்கொடுத்தவள் ஜெயசீலி. அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள். முன்பு பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவள் என்பதால் எல்லோருக்கும் அவள் டீச்சர்.

அவர் லேபுக்குள் போனபோது அவள் ஒரு கம்பியின் விட்டத்தை அளந்துகொண்டிருந்தாள்.

“டீச்சர், அந்த லக் பிளேட்டை நான் சரியாத்தானே இழுத்தேன்?”

“சரியாத்தான் இழுத்தீங்க.”

“கேட்டதுக்கு மேலயே தாங்குச்சே.”

“ஆமாண்ணே. பாஸ்.”

“அப்புறம் ஏன் பிஞ்சுது?”

பதினோரு நாளுக்கு முன் ஒரு பட்டறையில் பெரிய தொட்டி ஒன்றைக் கிரேனில் தூக்கினார்கள். சங்கிலி மாட்டுவதற்காகத் தொட்டியின் தலையில் இரும்புக் காது ஒன்றைப் பற்றவைத்திருப்பார்கள். அதைத்தான் லக் என்பது. அது பிய்ந்தது. சங்கிலி மாட்டிய மருதைவீரன் அங்கேயே இறந்தான். அவன் மனைவியின் தம்பி பழனியாண்டிக்கு ஒரு கால் போனது. லக் வெட்டுவதற்கு முன்பே அந்தப் பிளேட் நல்ல இரும்பு என்று லேப் சொல்லியிருந்தது. ஆகவே சங்கிலியை மாட்டியவன்தான் கோணலாக மாட்டியிருக்க வேண்டும் என்று பட்டறையில் முடிவு கட்டினார்கள்.

ஜெயசீலி அளப்பதை நிறுத்தினாள். மேஜை மேல் கிடந்த நேற்றைய செய்தித்தாளில் ஒரு பக்கத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“மேலேருந்து கீழ கிழிங்க.”

கிழித்தார். கோடு போட்டது போல நேராக வந்தது.

“இப்ப குறுக்கால.”

குறுக்கே கிழித்தார். கிழிசல் ஓரிடத்தில் வளைந்தது, பிறகு தன்போக்கில் போனது. முழுசாக வராமல் கையோடு ஒரு துண்டு வந்தது.

“ஒரே பேப்பர்தானே?” என்றாள்.

“இது பேப்பர் டீச்சர்.”

“பேப்பரையும் உருட்டித்தான் நீட்டுறாங்க. பிளேட்டையும் உருட்டித்தான் நீட்டுறாங்க. நீட்டின வாக்குல ஒரு பலம், குறுக்குவாக்குல வேற பலம்.”

தனக்கோடி கையிலிருந்த துண்டையே பார்த்தார்.

“பிஞ்ச லக்கோட போட்டோ பாத்தீங்களா?” என்று கேட்டாள்.

“பாத்தேன். விறகைப் பிளந்த மாதிரி நார் நாரா இருந்துச்சு.”

“அதை எந்தப் பக்கமா இழுத்துத் தூக்கினாங்க?”

அவர் யோசித்தார். “குறுக்குவாக்குல.”

“நாம இங்க எந்தப் பக்கம் இழுத்தோம்?”

“நீளவாக்குல.”

“ஏன்?”

“அவங்க அப்படித்தானே வெட்டி அனுப்புறாங்க? வந்த துண்டை வந்தபடியே போடுறோம். நீங்க அப்படித்தானே சொல்லிக்குடுத்தீங்க?”

அவள் கம்பியைக் கீழே வைத்தாள்.

தனக்கோடி வேகமாக உள்ளறைக்குப் போனார். சோதித்தது போக மிச்சமாகும் இரும்பை எண் எழுதி ஒரு மாதம் வைத்திருப்பார்கள். அந்த எண்ணைத் தேடி எடுத்தார். மூன்று விரல் அகலம்தான் இருந்தது. அதைக் குறுக்கே வெட்டினால் மெஷின் இரண்டு பக்கமும் கடித்துப் பிடிக்கக்கூட நீளம் போதாது. அது தெரிந்தும் இரண்டு முறை அளந்து பார்த்தார்.

“உடைஞ்ச லக் இருக்குமே டீச்சர்? அதுல ஒரு துண்டு கேட்டு வாங்கினா?”

“மறுநாளே பழைய இரும்புக்குப் போட்டுட்டாங்களாம். போன் பண்ணிக் கேட்டேன்.”

“அப்ப பாக்குறதுக்கு ஒண்ணுமே இல்லையா?”

“இல்லை.”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். மேலே மின்விசிறி ஓடியும் அவர் சட்டை நனைந்திருந்தது.

“உங்களுக்கு இது முன்னாடியே தெரியும்.”

“தெரியும்.”

“எனக்குச் சொல்லலையே டீச்சர்.”

“சேர்ந்த புதுசுல ஒவ்வொரு ரிப்போர்ட்டுலயும் கீழ எழுதுவேன், ஒரு பக்கம் மட்டும் பாத்ததுன்னு. அதைப் பாத்துட்டு கஸ்டமருங்க வேற லேபுக்குப் போனாங்க. முதலாளி எழுதாதீங்கன்னார். விட்டுட்டேன். நீங்க வந்தப்ப நான் விட்டு ஆறு வருஷம் ஆயிருந்துச்சு. அதைச் சொல்லிக்குடுக்கணும்னே எனக்குத் தோணலைண்ணே.”

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. ஒரு பெண் வந்து நின்றாள். கையில் பிளாஸ்டிக் பை. அதற்குள் ஒரு ஜெராக்ஸ் தாள்.

“இரும்பை இழுத்துப் பாக்குற இடம் இதானுங்களா?”

“ஆமா. நீங்க?”

“அமராவதி. மருதைவீரன் வீட்டுக்காரி.”

தனக்கோடி எழுந்துவிட்டார்.

அவள் தாளை மேஜை மேல் விரித்தாள். “இங்கிலீசுல இருக்கு. இதுல அவரு தப்பாக் கட்டுனாருன்னு எழுதியிருக்கா?”

“இல்லம்மா,” என்றார் தனக்கோடி. “அவர் பேரே இதுல கிடையாது.”

“அப்புறம் ஏன் எல்லாரும் இதைக் காட்டியே சொல்றாங்க? அந்த மனுசன் வீட்டுல கொடி கட்டினாக்கூட மூணு தடவை இழுத்துப் பாப்பாரு. தொட்டில் கட்டினா, அதுல புள்ளையப் போடறதுக்கு முன்னாடி அம்மியத் தூக்கி வெச்சு ஆட்டிப் பாத்தாரு. நான் சிரிச்சேன்.” அவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பிறகு சொன்னாள்: “என் தம்பி நம்புறான். உன் புருசன்தான் என் காலை எடுத்தான்னு சொல்றான். நான் கொண்டுபோற சோத்தைத் தொடமாட்டேங்கிறான். ராத்திரி படுத்தா நானும் அவரைத்தான் திட்டுறேன்.”



“அவர் சரியாத்தான் கட்டியிருப்பாரும்மா,” என்றார் தனக்கோடி. “நாங்கதான் சரியாப் பாக்கலை.”

அமராவதி அவரையே பார்த்தாள். “நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“பட்டறையில வந்து சொல்வீங்களா?”

தனக்கோடி ஜெயசீலியைத் திரும்பிப் பார்த்தார்.

“சொன்னா எடுபடாதும்மா,” என்றாள் ஜெயசீலி. “சோதிச்சுக் காட்ட எங்ககிட்ட துண்டு இல்லை. ரிப்போர்ட்டுல இருக்கிற நம்பர் ஒண்ணும் பொய்யில்லை. வெறும் வாயால சொல்றதை யாரும் ஏத்துக்க மாட்டாங்க.”

அமராவதி தாளை மடித்தாள். பைக்குள் வைத்தாள். மறுபடி வெளியே எடுத்தாள்.

“பட்டறை வேணாம். என் தம்பிகிட்ட வந்து சொல்லுங்க. அது போதும்.”

“வரேன்,” என்றார் தனக்கோடி.

அவள் வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு காத்திருந்தாள். தனக்கோடி குரலைத் தாழ்த்தினார்.

“அவன் நம்புவானா டீச்சர்?”

“தெரியலை.”

“நம்பலைன்னா?”

“எவ்வளவு தாங்கும்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவீங்களா?”

அவர் தலைகுனிந்தார். “நீங்க வரலையா?”

“நான் வந்து என்னண்ணே ஆகப்போகுது?”

ஆனாலும் மூன்று பேரும்தான் பஸ் ஏறினார்கள். பெரியாஸ்பத்திரியில் நாலு மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள். பழனியாண்டியின் கட்டில் வார்டின் கடைசியில், சுவரை ஒட்டி இருந்தது. அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“இவங்க லேபுக்காரங்கடா,” என்றாள் அமராவதி. “உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.”

தனக்கோடி சொன்னார். பஸ்ஸில் மனதுக்குள் வரிசைப்படுத்தி வைத்திருந்தார். ஆனால் வாயைத் திறந்ததும் எல்லாம் கலைந்துபோனது. உருட்டிய பிளேட், நீளவாக்கு, குறுக்குவாக்கு, மூன்று விரல் அகலத் துண்டு. செய்தித்தாளைப் பற்றியும் சொன்னார். பக்கத்துக் கட்டில்காரர்கூடப் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உங்க மாமா மேல தப்பில்லப்பா. கையெழுத்துப் போட்டவன் நான்.”

பழனியாண்டி முகத்தைத் திருப்பாமலே, “எவ்வளவு குடுத்தா?” என்று கேட்டான்.

“யாரு?”

“எங்க அக்கா. இப்படி வந்து சொல்றதுக்கு.”

அமராவதி கொண்டுவந்த சோற்றை ஸ்டூலில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். அவன் உடம்பை மெல்ல நகர்த்தி, சுவர்ப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்துக்கொண்டான். இல்லாத காலின் இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது.

தனக்கோடி ஜெயசீலியிடம் திரும்பினார். “டீச்சர், இதுக்கு மேல நான் எப்படிச் சொல்றது?”

“நீங்க சொல்ல வேணாம். சொல்ல வேண்டியவ நான்.”

ஜெயசீலி கட்டிலின் கம்பியைப் பிடித்து ஒரு முழம் இழுத்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்த சந்தில் பக்கவாட்டாக நுழைந்து போய், அவன் முகத்துக்கு நேராகத் தரையில் உட்கார்ந்தாள்.