அரசன் காதுக்கு வந்த குத்தூசி

கேர்ஷா ஊர்க்காரர்களுக்கு ராஜா ஆசை எங்கே பிடித்தது தெரியுமா? சந்தையில்! இஸ்ரவேல் மலைநாட்டில் ஒரு மூலையில் கிடந்த ஊர் அது. கர்த்தர்தான் அவர்களுக்கு ராஜா. அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் பக்கத்து நாட்டு வியாபாரிகள் சும்மா இருப்பார்களா?

"உங்க ராஜா எங்கேய்யா இருக்கார்?" என்று கேட்பார்கள்.

"மேலே இருக்கார்."

"மேலேன்னா? மாடியிலயா?"

கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நம்ம ஆட்களுக்கு மானமே போய்விட்டது. கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு ராஜா வேண்டும், அவருக்குத் தேர் வேண்டும், தேருக்கு முன்னால் நாலு பேர் ஓட வேண்டும்! ஊர் வாசலில் கூடித் தொண்டை கிழியக் கத்தினார்கள். நல்ல உயரமாகப் பார்த்து யாமீன் என்பவனைப் பிடித்து, தலையில் எண்ணெய் ஊற்றி ராஜாவாக்கினார்கள். "உங்க பிள்ளைகளையே வேலைக்குக் கேட்பான், யோசிங்கப்பா" என்று ஓரிருவர் சொல்லத்தான் செய்தார்கள். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்?

யாமீன் கேட்டான். வஞ்சனை இல்லாமல் கேட்டான். தேருக்கு முன்னால் ஓடின நாலு பேரும் இவர்கள் பெற்ற பிள்ளைகள்தான். பெண்கள் அரண்மனை அடுப்பில் ரொட்டி சுடப் போனார்கள்.

ஒரே ஆறுதல், அவர்களுடைய சட்டம். சொந்த எபிரெய இனத்து வேலையாள் ஆறு வருஷம் உழைத்தால் போதும், ஏழாவது வருஷம் விடுதலை. "என் எஜமானை நேசிக்கிறேன், போகமாட்டேன்" என்று அவனே வாய்விட்டுச் சொன்னால் மட்டும், எஜமான் அவனைக் கதவோரம் நிறுத்திக் குத்தூசியால் காதில் துளை போடுவான். அப்புறம் சாகும்வரை அவன் அடிமை. நம்ம ஊர்க் காதுகுத்து மாதிரி மாமன் மடியும் விருந்தும் அங்கே கிடையாது.

ஏழாவது வருஷம் வந்தது. ரொட்டி சுடும் சேராள் மூட்டை கட்டிவிட்டாள். அவளுக்கு நிச்சயம் பண்ணின பையன் கழுதையோடு அரண்மனை வாசலில் நின்றான். இத்தனை வருஷமும் அவன் வேறு பெண்ணை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

சேராள் கை ரொட்டி இல்லாமல் யாமீனுக்குப் பொழுதே விடியாது. வேலையாட்களையும் ஊராரையும் கதவண்டை வரச் சொன்னான். கையில் குத்தூசி.

"யாரும் வீட்டுக்குப் போக வேண்டாம். வரிசையா வந்து காதைக் காட்டுங்க."

"எஜமானை நேசிக்கிறோம்னு நாங்க யாரும் சொல்லலையே, மகாராஜா!" என்று அலறினாள் சேராள்.

"சொல்லலையா? ஊர் வாசல்ல 'ராஜா வேணும், ராஜா வேணும்'னு கத்தினது யாரு? நானா வந்து கெஞ்சினேன்? சுதந்திரமா இருந்தவங்க உங்க வாயாலயே எஜமானைக் கேட்டு வாங்கினீங்க. இதைவிட நேசம் என்ன வேணும்?"

ஊரார் கத்தினது உண்மைதானே! எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினவர் சேராளின் அப்பா. மனுஷர் தலையைத் தூக்கவே இல்லை.

அப்போது முன்னால் வந்தார் சக்கூர். ராஜாவுக்கு ஆலோசனை சொல்கிறவர். வாயைத் திறந்தால் எதிராளி பாடு திண்டாட்டம்.

"அடடா! மகாராஜா சொல்றது நூத்துக்கு நூறு சரி" என்று குத்தூசியை வாங்கி நுனியைத் தடவிப் பார்த்தார். "கொஞ்சம் மழுங்கியிருக்கு. பரவாயில்லை. மகாராஜா, இப்படி வந்து காதைக் கதவுல ஒட்டி வையுங்க."

"என் காதையா! எதுக்குய்யா?"

"இவங்க கும்பலாக் கத்தினாங்க. யார் கத்தினாங்க, யார் சும்மா வாயசைச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? நீங்க அபிஷேகத்தன்னிக்குத் தனியா நின்னு, கையைத் தூக்கி, 'நான் கர்த்தரோட அடிமை, சாகிற வரைக்கும் அவரை விட்டுப் போகமாட்டேன்'னு சொன்னீங்க. உங்க தலையில எண்ணெய் ஊத்தின கொம்பைப் பிடிச்சிருந்தவனே நான்தான். உங்க குரல்கூடத் தழுதழுத்துச்சு."

"அது அபிஷேகத்துல சொல்ற பேச்சு, சக்கூர்!"

"அப்போ மனசாரச் சொல்லலையா? அபிஷேகம் செல்லாதே! ராஜாவே இல்லைன்னா யார் யாரைக் குத்துறது?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். யாமீனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"சொன்னேன்யா! மனசாரத்தான் சொன்னேன். ஒரு காதுதானே, குத்து! ஆனா அடுத்த காது சேராளோடது."

"அதுக்கு வேலை இருக்காது, மகாராஜா. அடிமைக்குன்னு சொந்தமா என்ன இருக்கு? உங்க காதுல துளை விழுந்ததும் தேர், குதிரை, சேராள் எல்லாம் உங்க எஜமானோடது. இவளை வெச்சுக்கிறதா விடுறதான்னு அவர்தான் சொல்லணும்."

"சரி, அவரையே கேட்போம். வெச்சுக்கோன்னு சொல்லிட்டா?"

சக்கூர் தலையைச் சொறிந்தார். "கேட்கலாம். ஆனா எகிப்துல ஒரு ராஜா, நம்ம ஜனங்களை விடமாட்டேன்னு இதே மாதிரி அடம் பிடிச்சார். அவருக்குத் தவளையாத்தான் பதில் வந்துச்சு. படுக்கையில தவளை, அடுப்புல தவளை, மாவு பிசையற தொட்டியில தவளை. மகாராஜாவுக்கு ரொட்டி எப்படி வேணும்? தவளையோடவா, தவளை இல்லாமலா?"

யாமீன் முகத்தைச் சுளித்தான். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துவிட்டான். தன் சால்வையைக் கழற்றிச் சக்கூர் தோளில் போட்டு, கதவை அவனே அகலத் திறந்துவிட்டான். பிள்ளைகள் விழுந்தடித்துக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

கடைசியாக மூட்டையோடு போன சேராளைப் பார்த்து, "எம்மா, போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ரொட்டி சுட்டுட்டுப் போயேன்" என்றான், குழைந்துகொண்டே.

சேராள் கழுதைமேல் ஏறி உட்கார்ந்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"தொட்டியில மாவு இருக்கு, மகாராஜா. தவளை வர்றதுக்குள்ள நீங்களே பிசைஞ்சுக்கோங்க!"