மூன்று முழச் சுவர்

பொட்டல்பாறை மடத்தில் உருண்டையாக ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. யானை முட்டினாலும் அசையாது என்பார்கள். பஞ்சம் வந்தால் மட்டும்தான் அதன் வாயைத் திறப்பது வழக்கம்.

அந்த வருடம் பஞ்சம் வந்தது. ஏழு பேரைப் புதைத்தாயிற்று. மிச்சம் முந்நூறு பேர் மூட்டை முடிச்சோடு மடத்து வாசலில் நின்றார்கள். இங்கேயே இருப்பதா, எட்டு நாள் நடந்து ஆற்றுக்குப் போவதா?

மடத்துக்குத் தலைவி பூதியம்மை. அவருடைய சீடர் கூத்தனார் அவரைவிட இருபது வயது மூத்தவர், கணக்கில் புலி. கயிற்றால் தொட்டியைச் சுற்றி அளந்தார். குறுக்களவு பன்னிரண்டு முழம் என்று கண்டார்.

"எண்பது நாளுக்குத் தண்ணி இருக்கு. அதுக்குள்ள மழை வந்துடும்" என்றார்.

நல்ல வார்த்தை சொல்பவனை யார் குறுக்குக் கேள்வி கேட்பார்கள்? ஜனங்கள் மூட்டையை அவிழ்த்துவிட்டார்கள். மகராசன் நல்லா இருக்கணும் என்று அவர் காலில் வேறு விழுந்தார்கள்.

மறுநாள் காலையில் தொட்டியைத் திறந்தார்கள். கூத்தனார் வாய்க்குள் கோலை விட்டார். மூன்று முழத்துக்கு வெறும் சுவர். அதற்குக் கீழேதான் கோல் தண்ணீரைத் தொட்டது. கயிற்றில் கல் கட்டி இறக்கினார். தண்ணீர் மட்டத்திலிருந்து ஆறு முழத்தில் அடி தட்டியது.

ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் இவர் சறுக்கினால் விழுவது முந்நூறு பேர்.

குருவிடம் ஓடினார்.

"மோசம் போனேன் தாயே. சுவரோட தடிமனைக் கழிக்க மறந்துட்டேன். உள்ளே ஆறு முழம்தான்."

"எத்தனை நாளைக்கு வரும்?"

"பாதி அகலம்னா பாதித் தண்ணி. நாற்பது நாள்."

பூதியம்மை சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையில் இருந்த களி உருண்டையை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இதைப் பிட்டு, பாதி அகலத்துல உருட்டும்."

கூத்தனார் உருட்டினார். இரண்டு வந்தது. களி மிச்சம் இருந்தது. நான்கு வந்தது. இன்னும் இருந்தது. எட்டாவதை உருட்டி வைத்த பிறகுதான் களி தீர்ந்தது.

"எட்டுல ஒரு பங்கா! அப்போ பத்தே நாள்."

"ஆத்துக்குப் போக?"

"எட்டு நாள் நடை."

"ஜனங்ககிட்டச் சொல்லிட்டீரா?"

கூத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பயமும் அவமானமும் சேர்ந்து வந்த அழுகை.

"என் பேச்சை நம்பித்தானே தங்கினாங்க? கல்லால அடிச்சே கொன்னுடுவாங்க தாயே. தொட்டியில விரிசல், தண்ணி ஒழுகிப்போச்சுன்னு சொல்லிடறேன். எப்படியும் கிளம்பத்தானே போறாங்க? இந்த ஒரு பொய் யார் குடியைக் கெடுக்கும்?"

"விரிசல்னு சொன்னா யார் கிளம்புவாங்க கூத்தரே? சுண்ணாம்பைக் குழைச்சு வச்சுக்கிட்டு மூணு நாள் விரிசலைத் தேடுவாங்க. பத்துல மூணு போனா மிச்சம் ஏழு நாள் தண்ணி, நடையோ எட்டு நாள்."