இலையை மறைத்த கை

ராக்கியண்ணன் எல்லாவற்றையும் துறந்துவிட்டுத்தான் மடத்துக்கு வந்தார். வீட்டைத் துறந்தார், தோட்டத்தைத் துறந்தார், ஆசையாய் வளர்த்த மீசையைக்கூடத் துறந்தார். பவளத்தை மட்டும் கயிறு பிடித்து ஓட்டிக்கொண்டே வந்து சேர்ந்தார். பவளம் அவருடைய செவலை மாடு, ஜெர்சிக் கலப்பு.

மடத்தை நடத்திய அருணாம்பிகை அம்மா அவரைவிட வயதில் இளையவர். காவி கட்டுவதற்கு முன்பு கால்நடை மருத்துவராக இருந்தவர். துறவு கேட்டு வந்தவர் மாட்டோடு நிற்பதைப் பார்த்துச் சிரித்தாரே தவிர, வேண்டாம் என்று சொல்லவில்லை.

போன ஈற்றில் பவளம் கன்று போட்ட மறுநாளே மடங்கி விழுந்திருந்தது. உடம்பிலிருந்த சுண்ணாம்புச் சத்தெல்லாம் பாலில் போய்விட, காது சில்லிட்டு, கழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. மருத்துவர் வந்து நரம்பில் மருந்து ஏற்றிய பிறகுதான் பிழைத்தது. இப்போது மறுபடி நிறைசினை. இன்னொரு முறை விழுந்து எழாமலே போய்விட்டால் என்பதுதான் ராக்கியண்ணனின் பயம். அதனால் காலையும் மாலையும் மூங்கில் குழாயில் கால்சியம் டானிக்கை அதன் வாயில் ஊற்றினார். தீனிக்கும் அதே சுண்ணாம்புச் சத்து நிறைந்த அகத்தியை வெட்டி வெட்டிப் போட்டார்.

ஒருநாள் அம்மா தொழுவத்துக்கு வந்து டானிக் பாட்டிலை எடுத்துக்கொண்டார்.

"கன்னு போடற வரைக்கும் இது வேண்டாமுங்க. அகத்தியும் வேண்டாம். சோளத்தட்டு போடுங்க, போதும்."

"தாயி, போனவாட்டி இந்தச் சத்து பத்தாமத்தானுங்க உழுந்துச்சு?"

"ஆமாங்க."

"அப்பறம் குடுக்கறதையும் நிறுத்தச் சொல்றீங்களே?"

"ஆமாங்க."

ராக்கியண்ணனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"வாயில்லாச் சீவனக் காயப்போடறதுதான் உங்க தவமுங்களா?"

அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "குருபூஜைப் பந்தி ஆரம்பிக்கப் போகுது. பாயசம் நீங்க பரிமாறுங்க. வாளி காலியாகற வரைக்கும் நிறுத்தக் கூடாது."

வாளியோ இடுப்புயரம். முதல் சுற்றில் எல்லோரும் சிரித்த முகமாக வாங்கினார்கள். இரண்டாம் சுற்றில் கரண்டி வந்ததும் தலையைக் குனிந்துகொண்டார்கள். மூன்றாம் சுற்றில் இரண்டு கையாலும் இலையை மறைத்து, "போதுமுங்க, போதுமுங்க" என்று கெஞ்சினார்கள். அதற்கும் மேலே ஊற்றியதில் பாயசம் புறங்கையில் வழிந்து தரைக்கு ஓடியது. ராக்கியண்ணன் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல.

பூஜையின் கடைசி நாளிலும் அவரையே பரிமாறச் சொன்னார் அம்மா. அன்று கொடுத்தது ஒரு சின்னக் கிண்ணமும் ஒரு தேக்கரண்டியும்தான். அவர் வாசலில் தலைகாட்டியதுமே பந்தியின் மறுகோடிவரை கழுத்துகள் நீண்டன. இலையின் ஓரத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். சிலர் உள்ளங்கையையே குழித்து நீட்டினார்கள். ஒரு சொட்டு தரையில் விழவில்லை.

"அதே ஆளுங்கதானுங்களா?" என்று கேட்டார் அம்மா.

"அதே ஆளுங்கதானுங்க. அன்னைக்கு இலைய மூடுனவரு இன்னைக்குக் கரண்டியவே புடுங்கப் பாத்தாரு."

"பவளத்தோட குடல்லயும் அப்படித்தானுங்க. அங்க இருக்கற ஒவ்வொரு உயிரணுவுக்கும் கை இருக்குது, சத்தை உள்ள இழுக்கற கை. கொட்டிக்கிட்டே இருந்தா மடக்கிக்கும். கொறைஞ்சா புதுசு புதுசா மொளைக்கும். மொளைக்க நாளாகும். பாலு ஒரே நாள்ல எறங்கிரும்."

"மொளைக்காமப் போச்சுன்னா?"

"மருந்தோட நான் பக்கத்துலயே நிப்பேன்."

ராக்கியண்ணன் சோளத்தட்டைப் போட்டார். நம்பித்தான் போட்டார் என்று சொல்ல முடியாது. அகத்தி மரத்தைக் கடக்கும்போதெல்லாம் ஒரு கொத்தை ஒடிக்கக் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார்.

பவளம் கிடேரிக் கன்று போட்டது. மடி கல்லாய் இறுகிப் பால் இறங்கியது. மறுநாள் வெயில் ஏறும் நேரத்தில், போன ஈற்றில் செய்தது போலவே, முன்னங்காலை மடக்கிப் படுத்துவிட்டது.

"தாயி!"

மடத்தில் அது மௌன நேரம். மௌனத்தை யார் பார்த்தது! அவர் போட்ட சத்தத்தில் மடமே தொழுவத்துக்கு ஓடி வந்தது. அம்மா மருந்துப் பெட்டியோடு வந்து பவளத்தின் அருகே உட்கார்ந்தார். பெட்டியைத் திறக்கவில்லை.

"காதைத் தொடுங்க."

"மாட்டேனுங்க. சில்லுன்னு இருந்தா எனக்கு உசுரே போயிரும்."

"தொடுங்க."

தொட்டார். கதகதப்பாக இருந்தது. நம்ப முடியாமல் அடுத்த காதையும் தொட்டார். அதுவும் கதகதப்பாகத்தான் இருந்தது. இந்த ஆள் எதற்குக் காதைப் பிடித்துக்கொண்டு அழுகிறான் என்று பவளத்துக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும். தலையைச் சிலுப்பியது. பின்னங்காலை ஊன்றி, முன்னங்காலை ஊன்றி, நாலு காலில் எழுந்து நின்றது. பக்கத்திலிருந்த பால் வாளியை ஓர் உதை விட்டது. வாளி உருண்டு தொழுவத்துக்கு வெளியே போய் விழுந்தது.

"எந்திரிச்சுட்டா! எம் பவளம் எந்திரிச்சுட்டா!"

ராக்கியண்ணன் தலைத்துண்டை அவிழ்த்து வானத்தில் வீசினார். எல்லாம் துறந்த மனிதர் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். மௌன விரதக்காரர்களும் கூடச் சேர்ந்து கூச்சலிட்டார்கள். அம்மாகூடக் கை தட்டினார். ராக்கியண்ணனின் வாழ்நாளில் அதைவிடப் பெரிய சந்தோஷம் வந்ததில்லை.

ஆரவாரம் அடங்கியதும் அம்மா பெட்டியைத் திறந்தார். அன்று எடுத்துக்கொண்டு போன டானிக் பாட்டிலை எடுத்து நீட்டினார்.

ராக்கியண்ணன் பதறிப்போய் இரண்டு கையாலும் பவளத்தின் வாயை மறைத்தார்.

"வேண்டாமுங்க தாயி! இனி ஒரு சொட்டுக் குடுக்க மாட்டேன். எனக்குப் புரிஞ்சு போச்சுங்க."

அம்மா அவருடைய கைகளை மெதுவாக விலக்கி, பாட்டிலை அவற்றிலேயே வைத்தார்.

"இப்ப ஊத்துங்க, ராக்கியண்ணா. இப்ப அவளுக்கு வாங்கத் தெரியும்."