செலவில்லாக் கத்தரித் தோட்டம்

கூழைப்பட்டியில் மூன்று பேர். சோணை, மாயழகு, வெள்ளையன். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்ததாகக்கூடத் தகவல் இல்லை.

இருளாயி ஆத்தாவின் அரை ஏக்கரில் கத்தரி போட்டிருந்தார்கள். உரம் மூட்டை மூட்டையாய்ப் போனது. காய் கைப்பிடிதான் வந்தது. ஆத்தா வந்து நின்றாள்.

"தை பொறக்கும்போது வருவேன். ஒரு கூடைக் காய் என் கையால பறிக்கணும். இல்லாட்டி தோட்டத்தை வேற ஆளுக்கு விட்டுருவேன். நீங்க பழையபடி என் மாட்டை மேய்க்கப் போங்க."

போன தடவை மேய்க்கப் போனபோது மாடுகள் வீடு திரும்பின. இவர்கள்தான் திரும்பவில்லை. தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

பயந்துபோய்த் தோட்டக்கலை அதிகாரியைக் கூட்டி வந்தார்கள். அவர் வெயிலில் நின்று அவசரமாகச் சொன்னார்.

"செலவைக் குறைங்கப்பா. எது உரத்தையும் தண்ணியையும் தின்னுட்டுச் சும்மா நிக்குதோ, அதை வேரோட பிடுங்குங்க."

களையைத்தான் சொன்னார். பெயர் சொல்லாமல் வண்டி ஏறிவிட்டார். அது அவர் தப்பு.

மூவரும் வரப்பில் உட்கார்ந்தார்கள். கத்தரிக்கு நடுவே துத்திச் செடி களையாய் மண்டிக் கிடந்தது.

"துத்திக்கு யாராச்சும் உரம் வச்சீங்களா?" என்றான் சோணை.

"நான் வைக்கல மச்சான்," என்றான் மாயழகு.

"மருந்து?"

"ஒரு சொட்டு இல்ல. அதுபாட்டுக்கு வளருது. நல்ல பிள்ளை."

"அப்ப தின்னது யாரு?"

மூவரும் கத்தரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மூஞ்சியப் பாரு," என்றான் வெள்ளையன்.

பொழுது சாய்வதற்குள் கத்தரி முழுக்க வரப்பில் கிடந்தது. உரச் செலவு நின்றது. களைக்கொத்துக்கு வேலை போனது. துத்தி இடுப்புயரம் வளர்ந்தது. அப்படியொரு சிக்கனமான தோட்டத்தை அந்த வட்டாரம் கண்டதில்லை. காய் மட்டும் இல்லை.

தை நெருங்கியது. வெள்ளையன் விரல் மடக்கி நாளை எண்ணினான்.

"ஆத்தா பறிக்கக் காய் வேணுமே மச்சான்."

"காய் சந்தையில இருக்கு. செடி இங்க இருக்கு. ரெண்டும் தனித்தனியா இருக்கு, அதான் சிக்கல்," என்றான் சோணை.

களைக்கொத்துகளை விற்றுக் கத்தரிக்காய் வாங்கினார்கள். துத்திக்கு ஒன்றாக வெள்ளை நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

ஆத்தா கூடையோடு வந்தாள். ஒரு காயை இழுத்தாள். காயோடு நூலும் வந்தது. நூலைப் பார்த்தாள். துத்தியைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள்.

"இது என்னங்கடா?"

"காம்பு ஆத்தா," என்றான் மாயழகு. "புது ரகம்."

ஆத்தா நூலை அறுத்துவிட்டுக் காயைக் கூடையில் போட்டாள். கூடை நிறையப் பறித்துக்கொண்டாள்.

"உங்ககிட்ட மாட்டை விட்டா மாட்டுக்குப் புத்தி கெட்டுரும். இங்கயே கிடங்க," என்று போய்விட்டாள்.

தோட்டம் தப்பியது. மறுபடி வரப்பில் உட்கார்ந்தார்கள்.

"காய் எதுல தொங்குச்சு?" என்றான் சோணை.

"நூல்லதான். ஆத்தாவே பார்த்தாங்களே," என்றான் மாயழகு.

"அப்ப துத்தி?"

"சும்மா நின்னுச்சு."

"சும்மா நிக்கிறதைத்தானே அந்தத் தோட்டக்கலை சார் பிடுங்கச் சொன்னாரு?"

துத்தியும் போனது. நூல்கண்டு வாங்கி, முழம் முழமாக நறுக்கி, பாத்தி கட்டி நட்டார்கள். தண்ணீரும் விட்டார்கள்.

இன்னும் முளைக்கவில்லை.

"அடியுரமா ஊசி போட்டிருக்கணும் மச்சான்," என்றான் வெள்ளையன்.

"ஊசி விக்கிற விலைக்குக் கட்டுப்படியாகுமாடா?" என்று சோணை அவனை அதட்டினான்.