எழுதித் தருகிறேன் மேடம்

மறுநாள் தேர்வு. திருநெல்வேலிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் அலுவலக ஜன்னலில் ஹால் டிக்கெட்டுக்காக முந்நூறு பேர் முண்டியடித்தார்கள். உள்ளே, அதை அச்சடிக்கும் புரோகிராம் திறக்கவே இல்லை.

காலையில்தான் சென்னை நிபுணர் ஞானதீபன் வந்து, கம்ப்யூட்டரில் புதிதாக லினக்ஸ் இயங்குதளம் ஏற்றி அப்டேட்டும் போட்டிருந்தார். அவர் விரல் தற்காலிக ஊழியர் இசக்கியம்மாளைக் காட்டியது.

"நான் டீ குடிக்கப் போனப்ப இவங்கதான் எதையோ கெடுத்துட்டாங்க. எத்தனை மணிக்கு, என்ன செஞ்சாங்கன்னு எழுதி வாங்குங்க மேடம்."

கல்லூரி முதல்வர் தலையசைத்தார். இசக்கியம்மாளுக்குத் தெரியும், எழுதிக் கொடுத்தால் வேலை போய்விடும்.

"தாரேன் மேடம். நான் எழுதினா தப்பு வந்துரும். கம்ப்யூட்டரே எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கு, அதையே தாரேன்."

அப்டேட் பதிவைத் திறந்து, அச்செடுத்து நீட்டினாள். முதல்வர் உரக்க வாசித்தார்: "பத்து பன்னிரண்டு. ஏழு துணை புரோகிராம்கள் நீக்கம். நீக்கியவர்... ஞானதீபன்."

"அதெல்லாம் வேண்டாததுன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லிச்சு!"

"நீக்கவான்னு அது கேட்டிருக்கும் சார். சரின்னது நீங்க. இப்ப உங்க பாஸ்வேர்டை மட்டும் அடிங்க."

ஞானதீபன் முகம் சிவக்க அதை அடித்தார். ஹால் டிக்கெட் புரோகிராமுக்குத் தேவையான அந்த ஏழையும் அவள் திரும்ப ஏற்றினாள். புரோகிராம் திறந்தது, பிரிண்டர் முதல் ஹால் டிக்கெட்டைத் தள்ளியது.

முதல்வர் அந்த ஹால் டிக்கெட்டை நிபுணரிடம் நீட்டினார்.

"ஜன்னல்ல நின்னு ஒவ்வொண்ணா பேர் கூப்பிட்டுக் கொடுங்க சார். அந்த வேலைக்கு அப்டேட் வேண்டாம்."