பாதி முறம் நெல்

அந்த வட்டாரத்தில் பிள்ளை பிறந்ததும் நெல் பரப்பிய முறத்தில் கிடத்துவார்கள். அந்த நெல்தான் மருத்துவச்சிக்குக் கூலி. மனசாரக் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? நெல் வியாபாரி அம்பலவாணருக்கு அதிலும் பேரம்!

மனைவி வடிவு உள்ளே வலியில் துடிக்க, மருத்துவச்சி செங்கமலத்தை அவர் வாசலிலேயே மறித்தார்.

"ஏ செங்கமலம், ஆம்பளைப் பிள்ளைன்னா முறம் நிறைய நெல்லு. பொட்டைப் பிள்ளைன்னா பாதி முறம்தான். சம்மதம்னா உள்ளே போ."

"சம்மதம் ஐயா. ஆனா உள்ளே இருக்கிறவங்ககிட்டயும் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொட்டைப் பிள்ளைன்னா பாதி வலி பட்டாப் போதும்னு!"

மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஆட்கள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். அம்பலவாணரின் முகம் கறுத்தது.

"முழு முறமே தர்றேன், போய்த் தொலை!"

ஜெயித்துவிட்ட மிதப்பில் படியேறினாள் செங்கமலம். உள்ளேயிருந்து வடிவின் குரல் மெல்ல வந்தது.

"எல்லாம் கேட்டுச்சுக்கா."

பெண்தான் பிறந்தது. பிள்ளையின் அழுகுரல் கேட்டதும் அம்பலவாணர் தானே முறத்தில் நெல்லைக் குவித்து, ஆசையாய்த் தூக்கிக்கொண்டு வந்தார். வடிவு பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"நெல்லை அக்காவுக்குக் கொடுங்க. இவ என் மடியிலேயே கிடக்கட்டும்."

அவர் முறத்தைச் செங்கமலத்தின் முன்னால் வைத்துவிட்டு வெளியே போனார்.

முழுக்கூலியை மடியில் கட்டிக்கொண்டு திரும்பினாள் செங்கமலம். அந்த ஆளைத் தெருமுனைக்குக் கூட்டிப்போய், வடிவு காதில் விழாமல் அந்தப் பேச்சைப் பேசியிருக்கக் கூடாதா என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.