கைப்பிடி அரிசி

முன்பொரு காலத்திலே, தேரிக்காட்டுச் செம்மணலும் கடலின் உப்புக்காற்றும் சந்திக்கிற இடத்திலே ஒரு ஊர் இருந்தது. அந்த ஊர்ச் சபைக்கு உபதேசியார் கிருபைமணி, வயது முப்பதைத் தாண்டாத பெண். அவரிடம் வேதம் கற்க வந்த சீஷன் ஆசீர்வாதத்துக்கோ தலை முழுக்க நரை. ஊர் ஊராக லாரி ஓட்டி ஓய்ந்து, போன ஈஸ்டருக்குத்தான் ஞானஸ்நானம் எடுத்தவர்.

ஒரு சனிக்கிழமை ஆசீர்வாதம் கோயில் வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, தண்ணியில முங்கி எந்திரிச்ச அன்னைக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். இப்போ வத்திப்போச்சு. நாளைக்கு அசன விருந்துல எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்லச் சொல்லுதீங்க. இல்லாத சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? விடியுமுன்னே பஸ் ஏறிடலாம்னு இருக்கேன்."

கிருபைமணி ஒரு சாக்கை எடுத்து நீட்டினார்.

"போறதுக்கு முன்னால கைப்பிடி அரிசி மட்டும் வாங்கிட்டு வந்திருங்க அண்ணாச்சி."

அந்த ஊர் வழக்கம் அது. உலையில் அரிசி போடும் முன்னே ஒரு பிடி அள்ளி, கர்த்தருக்கென்று தனிக் கலயத்தில் போட்டு வைப்பார்கள். அசனத்தன்று எல்லா வீட்டு அரிசியும் ஒரே பெரிய வட்டாப் பாத்திரத்தில் வேகும். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும்.

ஆசீர்வாதம் வீடு வீடாகப் போய்த் திரும்பினார். சாக்கு நிறைந்திருந்தது.

"எல்லா வீடும் ஆச்சா?"

"சொர்ணபுஷ்பம் வீட்டை மட்டும் விட்டுட்டேம்மா. புருஷன் பனையில இருந்து விழுந்து படுத்த படுக்கையா கிடக்கான். அந்தப் பிள்ளைகிட்டப் போய் எப்படிக் கேக்க?"

சொல்லி வாய் மூடவில்லை, சொர்ணபுஷ்பமே வந்துவிட்டாள். இடுப்பில் கலயம்.

"என்ன அண்ணாச்சி, லாரி ஓட்டும்போதும் இப்படித்தான் இறக்க வேண்டிய ஊரைத் தாண்டிப் போவீயளோ?"

"இல்லம்மா, உங்க கஷ்டத்துல..."

"அவுகளுக்குக் காலு ஒடிஞ்சிருக்கு. எனக்குக் கை ஒடியலை."

"வீட்டுல கஞ்சிதான்னு சொன்னாங்க."

"கஞ்சின்னா? அதுக்கும் உலையில அரிசிதானே போடுதேன்? கர்த்தர் எங்களைக் கைவிட்டுட்டாருன்னு நீங்களே முடிவு கட்டிட்டியளோ?"

ஆசீர்வாதம் தலையைக் குனிந்துகொண்டார்.

"எம்பிள்ளைங்க நாளைக்குப் பந்தியில உக்காந்து திங்கது ஊராரு சோறா இருக்கக் கூடாது அண்ணாச்சி. அதுல எங்க வீட்டு அரிசியும் வேகணும். சாக்கைப் பிடிங்க."

பிடித்தார். கலயம் கவிழ்ந்தது. ஒட்டியிருந்த மணிகளையும் தட்டி விட்டாள். பிறகு வெறுங்கலயத்தை இடுப்பில் ஏற்றி, ஏதோ ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தபடி, தேர் நகர்கிற மாதிரி மணலில் நடந்து போனாள்.

அவள் மறையும்வரை ஆசீர்வாதம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாடிக்கிட்டே போறாளேம்மா."

"அவ தினமும் அப்படித்தான்."

"அந்த வீட்டுல என்ன மிச்சமிருக்கும்?"

"தெரியலையே."

ஆசீர்வாதம் மெல்லக் கேட்டார்.

"எங்கிட்டயும் ஒண்ணும் மிச்சமில்லையேம்மா. நான் எதை எடுத்துச் சாட்சி சொல்ல?"

கிருபைமணி சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார்.

"அவ மிச்சத்துலயா எடுத்தா, அண்ணாச்சி?"

சொல்லிவிட்டுக் கோயிலுக்குள் போய்விட்டார்.

ஆசீர்வாதம் அங்கேயே நின்றார். மேற்கே பஸ் வருகிற சத்தம் கேட்டது. குனிந்து சாக்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, கிழக்கே அசனத்துக்கு அடுப்பு வெட்டிக்கொண்டிருந்த இடத்தை நோக்கி நடந்தார்.